பஞ்சமத்தை விட்டுக்கொடுத்தவர்கள்

ஆர்கன் குழல் ஒன்றுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சுரம். அதில் விரல் வைக்கத் துளை இல்லை, உதடு பதிக்க இடமில்லை. அடியில் காற்று புகுந்தால் ஒலிக்கும், காற்று நின்றால் நிற்கும். இன்னொரு சுரம் வேண்டுமென்றால் இன்னொரு குழல். அதே சுரம் வேறு குரலில் வேண்டுமென்றால் அதற்கும் தனியாக ஒரு குழல். ஐரோப்பியத் தேவாலயங்களில் குழல்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நிற்பதைப் பார்த்து ஆடம்பரம் என்று நினைக்கிறோம். ஆடம்பரமும் உண்டுதான். ஆனால் அதற்கு அடியில் இருப்பது இந்த ஏழ்மை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக, தொட்டும் தொடாமலும் விட, ஆயிரம் குழலில் ஒன்றாலும் முடியாது.

கமகம் கேட்டு வளர்ந்த காது இப்படிப்பட்ட வாத்தியத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். அசைவு கொடுக்காத சுரத்தை நாம் பாடி முடிக்காத சுரமாகவே கேட்கிறோம். தமிழ் சினிமாவிலும் ஆர்கனுக்குக் கிடைத்தது இரண்டே வேலைகள்: கல்யாணத்துக்குச் சர்ச்சுக்குள் நுழைவது, பாழடைந்த பங்களாவுக்குள் நுழைவது. கட்டை வாத்தியங்களின் மேல் நமக்குள்ள சந்தேகம் அரசாங்க முத்திரையே பெற்றிருக்கிறது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971-இல்தான் அந்தப் பிடி தளர்ந்தது. அந்தத் தடைக்குப் பின்னால் சுதேசி உணர்வும் இருந்தது. அதை இங்கே விட்டுவிடலாம். சங்கீதத் தரப்பில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஒலி அதில் வராது. இரண்டு, வருகிற ஒலியும் உரிய இடத்தில் நிற்பதில்லை. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். முதலாவது எல்லாக் கட்டை வாத்தியங்களுக்கும் பொருந்தும். இரண்டாவது அப்படியல்ல. அது வாத்தியத்தின் மேல் உள்ள குறை அல்ல, அதற்குச் சுருதி சேர்த்தவர் எடுத்த முடிவின் மேல் உள்ள குறை. அந்த முடிவை வேறு மாதிரி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அதை இன்றும் காதால் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய இடங்களில் முக்கியமானது டென்மார்க்கில் இருக்கிறது.

கோபனேகனுக்கு வடக்கே ஹிலரோட் என்ற ஊரில், ஏரியிலுள்ள சிறு தீவுகளின் மேல் எழுந்து நிற்கிறது ஃப்ரெடரிக்ஸ்போர்க் அரண்மனை. நான்காம் கிறிஸ்டியான் என்ற டேனிய அரசர் 17-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் கட்டியது. அதன் ஒரு பக்கம் முழுவதும் அரண்மனைச் சிற்றாலயம். சிற்றாலயம் என்ற சொல்லுக்கு அடங்காத நீளம். இரண்டு அடுக்கு, சுற்றிலும் மேல் மாடம், தங்கப்பூச்சு இல்லாத இடமாகப் பார்த்துக் கண்ணை ஓய்வெடுக்க வைக்க முடியாத அலங்காரம். டென்மார்க்கில் முடியாட்சி தனியதிகாரமாக இருந்த காலத்து அரசர்களுக்கு இங்கேதான் எண்ணெய் பூசி அபிஷேகம் நடந்தது. மாடத்துச் சுவர்களில் அந்நாட்டின் உயர்ந்த விருதான யானை விருதைப் பெற்றவர்களின் கேடயச் சின்னங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அரச குடும்பங்களுக்கு நடுவே இயற்பியலாளர் நீல்ஸ் போருக்கும் ஒரு கேடயம் உண்டு, நெல்சன் மண்டேலாவுக்கும் ஒன்று உண்டு. விருதின் பதக்கத்தில் முதுகில் கோட்டையைச் சுமந்த வெள்ளை யானையும் அதன் கழுத்தில் ஒரு பாகனும் இருக்கிறார்கள். குளிர்நாட்டுப் பிரபுக்கள் எதற்காக யானையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அங்கே உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கும். வாசிப்பு தொடங்கக் கொஞ்சம் தாமதமாகும்.

மாடத்தில் இருக்கும் ஆர்கன் 1610-இல் செய்து முடிக்கப்பட்டது. செய்தவர் எசாயஸ் கொம்பேனியுஸ் என்ற ஜெர்மானியர். மொத்தம் 1001 குழல்கள், 27 வரிசைகள், கைக்கு இரண்டு கட்டைப் பலகைகள், காலுக்கு ஒன்று. பெரும்பாலான ஆர்கன்களில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக் குழல்களே அதிகம். இதில் ஆயிரத்தொன்றும் மரம். முகப்பில் தெரிகிற குழல்களுக்கு மேலே தந்தம் வேய்ந்திருக்கிறார்கள், உள்ளே அதுவும் மரம்தான். கருங்காலி, வெள்ளி வேலைப்பாடு எல்லாம் உண்டு. அலமாரி போன்ற ஒரு மரப்பெட்டிக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

இது சாமிக்காகச் செய்த வாத்தியமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வோல்ஃபன்பூட்டலில் ஆட்சி செய்த ஹைன்ரிஷ் யூலியுஸ் என்ற கோமகன் ஹெஸ்ஸன் என்ற ஊரிலிருந்த தன் அரண்மனைக்காகச் செய்வித்தது. விருந்துக்கும் நடனத்துக்கும் வாசிக்க. இந்தக் கோமகன் சட்டம் படித்தவர், நாடகம் எழுதியவர், ஆங்கில நடிகர்களை வரவழைத்துச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தவர். கூடவே, சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டிப் பெண்களை எரித்ததிலும் யூதர்களை நாட்டைவிட்டு விரட்டியதிலும் பேர் வாங்கியவர். இவ்வளவு மென்மையான ஒலியைக் காசு கொடுத்துக் கேட்டவர் அவர்தான். நல்ல ரசனை ஒருவரை நல்லவராக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த ஆர்கனைத் தவிர்ப்பது நல்லது.

கோமகன் 1613-இல் இறந்தார். அவருடைய மனைவி எலிசபெத், டென்மார்க் அரசர் கிறிஸ்டியானின் உடன்பிறந்தவர். 1617-இல் ஆர்கன் தம்பியின் புதிய ஆலயத்துக்குச் சீராக வந்து சேர்ந்தது. அதைப் பூட்டி நிறுத்துவதற்குக் கொம்பேனியுஸும் வந்தார். வந்த இடத்தில் அதே ஆண்டில் ஹிலரோட்டிலேயே இறந்துபோனார். கோமகனின் அரசவை இசைத் தலைவரான மிகாயேல் ப்ரெடோரியுஸ் 1619-இல் வெளியிட்ட வாத்தியக் கலைநூலில் இந்த ஆர்கனின் குழல் வரிசைகளைப் பெயர் பெயராகக் குறித்து வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்று போய்ப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவருகிறது. 1859 டிசம்பரில் அரண்மனையின் பெரும்பகுதியைத் தீ தின்றது. ஆலயம் தப்பியது, ஆர்கனும் தப்பியது. நானூறு வருடத்து மரம் பிழைத்திருப்பதே அதிசயம். அதைவிடப் பெரிய அதிசயம் வேறொன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல எண்ணத்தோடு வந்து நவீனமாக்கிவிடும் ஆட்களிடமிருந்தும் அது பிழைத்திருக்கிறது.

நான் போயிருந்த அன்று கேட்டது அரை மணி நேர வாசிப்பு. முதலில் ப்ரெடோரியுஸ் 1612-இல் தொகுத்து வெளியிட்ட நடன மெட்டுகளில் சில. பிறகு ஆம்ஸ்டர்டாமின் ஸ்வேலிங்க், ஹாலே நகரத்தின் சாமுவேல் ஷைட். கடைசியில் பூக்ஸ்தெஹூதெ. பரோக் என்று ஒரே உறையில் போட்டாலும் முதல் மூவரும் அதன் வாசற்படியில் நிற்பவர்கள், கடைசியானவர் நடுக்கூடத்தில் இருப்பவர். பூக்ஸ்தெஹூதெ லூபெக் நகரத்துக்குப் போவதற்கு முன்பு இதே பக்கத்திலுள்ள ஹெல்சிங்கோரில் எட்டு வருடம் ஆர்கன் வாசித்தவர். இளைஞரான பாக், வேலையில் விடுப்பு வாங்கிக்கொண்டு 1705-இல் இவரைக் கேட்கத்தான் ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து லூபெக்குக்கு நடந்து போனார். விடுப்பைத் தாண்டித் தங்கியதற்கு ஊர் திரும்பியதும் விசாரணை வைத்தார்கள். அந்த விசாரணைக் குறிப்பு பத்திரமாக இருக்கிறது.

நடன மெட்டில் கோமகனின் விருந்துக்கூடம் திரும்பி வந்தது. குழல் வரிசைகளில் பைத்துருத்திக் குழலைப் போலப் பேசுவது ஒன்று உண்டு. ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடுகளும் உண்டு. அவற்றை இழுத்துவிட்டால் மேலே மெட்டு ஓட, கீழே ஒத்து மாறாமல் நிற்கும். நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்துக்காரர் செய்கிற அதே காரியம். சலிப்பு தட்டும் என்று நினைக்கிற நேரத்தில் வாசிப்பவர் வரிசையை மாற்றினார். மூக்கால் பேசுவது போன்ற ஒரு குரல், பிறகு மூடிய மரக்குழலின் புகை போன்ற ஒரு குரல். மரக்குழலில் சுரம் பிறப்பதற்கு முன்னால் ஒரு சின்னத் துப்பல் சத்தம் கேட்கும். காற்று குழலின் உதட்டில் மோதி இடம் பிடிக்கிற சத்தம். பதிவுகளில் அதைப் பெரும்பாலும் அறையின் எதிரொலி விழுங்கிவிடும். மாடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு சுரமும் அந்தத் துப்பலோடுதான் வருகிறது.

ஆர்கனுக்குப் பின்னால் நான்கு துருத்திகள். மின்விசிறி இல்லை. ஒருவர் நின்றுகொண்டு துருத்தியைத் தூக்கிவிட வேண்டும். அது தன் பாரத்திலேயே மெல்ல இறங்கிக் காற்றைப் பெட்டிக்குள் தள்ளும். ஒன்று இறங்கி முடிவதற்குள் அடுத்தது ஏறியிருக்க வேண்டும். மரம் முனகுகிற சத்தம் இசைக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு பெரிய கூட்டொலியை இரண்டு கைகளும் காலும் சேர்ந்து அழுத்தியபோது காற்று ஒரு கணம் பின்வாங்கி, சுரம் மயிரிழை தளர்ந்து, மறுபடி நிமிர்ந்தது. மின்சாரக் காற்றில் இது நடக்காது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வந்தபோது எல்லோருக்கும் நிம்மதி. வாசிப்பவர் ஆள் தேடாமல் தனியே பயிற்சி செய்யலாம், காற்றும் இம்மி பிசகாமல் வரும். அந்தப் பிசகாமைதான் வாத்தியத்தைப் பிணமாக்குகிறது என்று பழைய ஆர்கன்களைச் சீர்செய்கிறவர்களில் பலர் பிறகு உணர்ந்தார்கள். இன்று புதிதாகச் செய்கிற ஆர்கன்களில்கூடக் காற்று கொஞ்சம் நெளிந்து வரும்படி வேண்டுமென்றே அமைக்கிறார்கள். அதைக் கமகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சுரத்தின் உடம்பில் இன்னொரு மனிதனின் தோள்பட்டை கேட்கிறது என்று சொல்லலாம். அவர் பெயர் நிகழ்ச்சி அட்டையில் இல்லை. கோவிலில் ஒத்துக்காரர் பெயரை யார் போடுகிறார்கள்?

இதெல்லாம் சுவையான விஷயங்கள். என்னை உட்கார வைத்தது வேறு. ஸ்வேலிங்கின் உருப்படி முடிந்தபோது ஒரு கூட்டொலி நீண்டு நின்றது. அதில் ஆட்டமே இல்லை. எத்தனையோ பியானோக்களில், கீபோர்டுகளில், நம்மூர்ச் சர்ச்சுகளின் ஆர்மோனியங்களில் கேட்ட கூட்டொலிக்குள் எப்போதும் ஒரு நடுக்கம் ஓடும். மேற்கத்திய இசையின் சுபாவமே அது என்று காது ஒப்புக்கொண்டுவிட்டிருந்தது. இங்கே அந்த நடுக்கம் இல்லை. காந்தாரம் அசையாமல் நின்றது. தம்பூராவில் ஜீவா சரியாகப் பிடித்து மந்தர சட்ஜத்தை மீட்டினால், மீட்டாத ஒரு அந்தர காந்தாரம் தானாக எழும்பி வருமே, அதே காந்தாரம்.

இதில் மாயமில்லை. கணக்குதான். சட்ஜத் தந்தியின் ஒலிக்குள் அதன் ஐந்து மடங்கு அதிர்வும் அடங்கியிருக்கிறது. அதுதான் தம்பூராவில் எழும் காந்தாரம். சட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் நாலுக்கு ஐந்து என்ற விகிதம் அமைந்தால், சட்ஜத்தின் ஐந்தாம் மடங்கும் காந்தாரத்தின் நாலாம் மடங்கும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும். கொஞ்சம் விலகினால் இரண்டும் உரசிக்கொண்டு துடிக்கும். இன்றைய பியானோவின் நடு சட்ஜம் நொடிக்குச் சுமார் 262 அதிர்வு. அதற்கு மேலுள்ள காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தைவிட உயர்ந்து நிற்பதால் நொடிக்குப் பத்து முறை அந்தத் துடிப்பு கேட்கும். நாம் வெள்ளைக்காரர் சங்கீதத்தின் சுபாவம் என்று எடுத்துக்கொண்ட நடுக்கம் இதுதான். பன்னிரண்டு கட்டைகளையும் சம இடைவெளியில் நிறுத்தியதற்குக் கொடுத்த விலை. அந்தச் சமப்பங்கீடு விசைப் பலகைகளில் ஏகபோகமானது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

கொம்பேனியுஸ் காலத்தவர்கள் வேறு விலை கொடுத்தார்கள். மீன்டோன் என்று சொல்லப்படும் அந்த முறையில் காந்தாரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. அதற்காக ஒவ்வொரு பஞ்சமத்தையும் துளித்துளி இறக்கிவைத்தார்கள். சட்ஜத்திலிருந்து பஞ்சமம், அதன் பஞ்சமம், அதன் பஞ்சமம் என்று நாலு முறை ஏறினால் காந்தாரம் வரும். ஆனால் பஞ்சமங்களைச் சுத்தமாக வைத்தால் வந்து சேரும் காந்தாரம் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே அந்த அதிகப்படியை நாலு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கழித்தார்கள். பஞ்சமங்கள் கொஞ்சம் சோர்ந்தன, காந்தாரம் பிழைத்தது.

நம் மரபில் இதைச் சொன்னால் வித்வான்கள் எழுந்து போய்விடுவார்கள். நமக்குச் சட்ஜமும் பஞ்சமமும் அசையாச் சுரங்கள். தம்பூராவில் பஞ்சமத் தந்தி கால் மயிரிழை தளர்ந்தாலும் பாடகர் திரும்பிப் பார்ப்பார். காந்தாரத்துக்கோ ராகத்துக்கு ஒரு இடம், பாடகருக்கு ஒரு இடம். அந்தச் சிற்றாலயத்தில் உட்கார்ந்து கேட்டபோதும், பஞ்சமம் மட்டும் வெறுமையாக ஒலித்த சில இடங்களில் எனக்குத் தம்பூராவின் புருடையைத் திருக வேண்டும் போல் இருந்தது. காந்தாரம் வந்து சேர்ந்ததும் அந்த உறுத்தல் அடங்கிவிடும். தனிச்சுரத்தின் பயணத்தில் வாழ்கிற சங்கீதம் பஞ்சமத்தைக் காத்தது. கூட்டொலியில் வந்து இளைப்பாறுகிற சங்கீதம் காந்தாரத்தைக் காத்தது. பிற்காலத்துப் பியானோ, பஞ்சமத்தைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்துக்கொண்டு காந்தாரத்தைக் கைவிட்டது. நம் பக்கம் சாய்ந்த முடிவு என்று தோன்றலாம். ஆனால் பியானோ பஞ்சமத்தின் மேல் உள்ள பக்தியால் அதைச் செய்யவில்லை. எந்தக் கட்டையிலும் தொடங்கி எந்தக் கட்டைக்கும் போகும் சுதந்திரத்துக்காகச் செய்தது.

பழைய முறையில் அந்தச் சுதந்திரம் இல்லை. சோர்ந்த பஞ்சமங்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது இடத்தில் சங்கிலி மூடாது. மிச்சமெல்லாம் ஒரே பஞ்சமத்தில் வந்து குவிந்து அது ஊளையிடும். ஐரோப்பியர்கள் அதற்கு ஓநாய் என்றே பெயர் வைத்தார்கள். பன்னிரண்டு காந்தாரங்களில் எட்டு தேன், நாலு விஷம். கருப்புக் கட்டையை முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிளந்து, இரண்டுக்கும் தனித்தனிக் குழல் வைத்து ஓநாயை விரட்டப் பார்த்த ஆர்கன்களும் உண்டு. சாகித்யகர்த்தாக்கள் பொதுவாக ஓநாய் இருக்கும் பக்கம் போவதில்லை. பூக்ஸ்தெஹூதெ போனார். அவருடைய புகழ்பெற்ற உருப்படிகளில் சில, ஃப்ரெடரிக்ஸ்போர்க் ஆர்கனில் வாசித்தால் சகிக்காத சுருதிகளில் அமைந்தவை. அவருடைய நண்பரான வெர்க்மைஸ்டர், ஓநாயைப் பல துண்டாக்கிப் பல பஞ்சமங்களுக்கு ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டுக் கொடுக்கும் முறைகளை எழுதிப் பிரபலப்படுத்தினார். அன்று வாசித்தவர் பூக்ஸ்தெஹூதெயில் அபாயமில்லாத ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார். தேவாலயத்தில் எல்லோரும் பாடும் ஒரு கீதத்தின் மெட்டை மேல் குரலில் வைத்துப் பொடிச்சுரங்களால் சங்கதி மேல் சங்கதியாக விரிக்கும் உருப்படி. மெட்டு தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் லுத்தரன் சபையில் ஞானப்பாட்டுப் புத்தகம் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வகை மெட்டு அந்நியமாகப் படாது. ஃபப்ரீசியுஸ் போன்ற மிஷனரிகள் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கீதங்களை அதே மெட்டில் தமிழாக்கி வைத்தார்கள். அவர்களுக்கு முன்னோடியான சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல், பூக்ஸ்தெஹூதெ லூபெக்கில் இறந்தது 1707-இல்.

தரங்கம்பாடி என்றதும் நான்காம் கிறிஸ்டியானிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. அவர் இசைப்பித்தர். டவுலண்ட் என்ற ஆங்கில லூட் கலைஞரைப் பெரும் சம்பளத்துக்கு வைத்திருந்தார். ஷூட்ஸ் என்ற இசையமைப்பாளரை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார். கோபனேகனில் தாம் கட்டிய ரோசன்போர்க் மாளிகையில், வாத்தியக்காரர்களை நிலவறையில் உட்காரவைத்து, அவர்கள் வாசிப்பது தரைக்கடியிலுள்ள குழாய்கள் வழியாக மேல் அறைக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்திருந்தார். விருந்தாளிக்கு இசை கேட்கும், ஆள் தெரியாது. இதே அரசர்தான் 1616-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்து, ஆர்கன் வந்திறங்கிய மறு ஆண்டு, 24 வயது நிரம்பாத ஓவே கெத்தெயின் தலைமையில் கப்பல்களை அனுப்பினார். 1620 நவம்பரில் தஞ்சாவூர் நாயக்கரோடு ஒப்பந்தம் ஆகி, தரங்கம்பாடி டேனியர் கைக்குப் போனது. கிறிஸ்டியானுக்கு நாயக்கர் அனுப்பிய பொன்னேடு கோபனேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டேனியர் கேட்டது மிளகு. சங்கீதம் பற்றி யாரும் பேசவில்லை.

பேசியிருக்கலாம். ஏனென்றால் இந்தப் பக்கம் இருந்தவர் ரகுநாத நாயக்கர். வீணை வாசித்தவர், சங்கீத நூலோடு பெயர் இணைந்தவர். இன்று நாம் வாசிக்கும் 24 மெட்டு நிலையாகப் பதித்த தஞ்சாவூர் வீணையை அவர் காலத்து ஏற்பாடு என்றே சங்கீத உலகம் சொல்லிவருகிறது. அவருடைய அமைச்சரான கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, சதுர்தண்டிப் பிரகாசிகையில் வீணை வகைகளைச் சொல்லும்போது ஒன்றுக்கு ரகுநாதரின் பெயரையே வைக்கிறார். அதே இடத்தில் இன்னொரு பிரிவும் வருகிறது. ஒரு ராகத்துக்கென்று மெட்டுகளை வைத்து, ராகம் மாறினால் மெட்டுகளையும் நகர்த்தும் ஏகராக மேள வீணை ஒன்று. எல்லா ராகத்துக்கும் பொதுவாக மெட்டுகளை நிறுத்திவிட்ட சர்வராக மேள வீணை மற்றொன்று. ஆக, ஒப்பந்தத்தின் இரண்டு முனைகளிலும் இருந்த இரண்டு அரசவைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே சிக்கலைத் தொட்டுக்கொண்டிருந்தன. சுரத்தை ஓரிடத்தில் கட்டிப்போட்டால் எதைப் பெறுவோம், எதை இழப்போம்?

தஞ்சாவூர் கண்ட வழி ஐரோப்பாவுக்குக் கிடைத்திருக்காது. வீணையின் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கிறது, வேண்டுமானால் இளக்கி நகர்த்தலாம். அதைவிட முக்கியம், மெட்டின் மேல் விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அடுத்த சுரம், அதற்கும் அடுத்தது என்று ஏறும். மெட்டு ஓரிடத்தில் நிற்கும், சுரம் நிற்காது. அதனால் சர்வராக வீணைக்குச் சுதந்திரமும் கிடைத்தது, எந்தச் சுரத்தின் சுத்தத்தையும் நிரந்தரமாக அடகு வைக்கவும் தேவைப்படவில்லை. ஆர்கன் குழலுக்கு இந்த வசதி இல்லை. தச்சர் அறுத்து முடித்த நீளம்தான் அதன் தலையெழுத்து. கொம்பேனியுஸின் ஆர்கனை நான் ஏகராகத்துக்கும் சர்வராகத்துக்கும் நடுவில் வைப்பேன். சில சுருதிகளில் சொர்க்கம், சில சுருதிகளுக்குள் நுழையத் தடை. பியானோ சர்வராகம், ஆனால் இழுக்க விரல் இல்லாத சர்வராகம். அதனால்தான் அதன் எந்தக் காந்தாரமும் முழுசாக இல்லை.

அன்றைய வாசிப்புக்குத் திரும்புகிறேன். நடக்கும்போது ஒரு காந்தாரம், முடியும்போது இன்னொன்று என்பது அக்கால ஐரோப்பிய இசையின் ஒரு வழக்கம். சோகமான மெட்டுகூடச் சாதாரண காந்தாரத்திலேயே தவழ்ந்துவிட்டு, முடிகிற இடத்தில் மட்டும் அந்தர காந்தாரத்துக்கு வந்து நிற்கும். புத்தகத்தில் படித்தால் இதைச் சம்பிரதாயமான ஆறுதல் வார்த்தை என்றுதான் எடுத்துக்கொள்ளத் தோன்றும். பியானோவில் அப்படித்தான் கேட்கும், சோகத்துக்கு மேல் ஒட்டவைத்த சிரிப்பாக. மரக்குழல்களில் அந்தக் காந்தாரம் எழுந்தபோது அது ஆறுதலாகப் படவில்லை. இவ்வளவு நேரமும் எங்கேயோ அலைந்த சுரங்கள் சட்ஜத்துக்குள்ளேயே இருந்த ஒரு சுரத்தில் வந்து அடங்கியதாகப் பட்டது. ராமாமாத்யர் 1550-ஐ ஒட்டி எழுதிய நூலில் தானாகப் பிறக்கும் சுரங்கள் என்று ஒரு வகையைச் சொல்லி, சுயம்பு என்று பெயர் வைக்கிறார். அந்தப் பெயர் எனக்கு அங்கே ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆர்மோனியத்தைத் தடை செய்தவர்கள் காதால் சரியாகத்தான் கேட்டார்கள். தீர்ப்பில்தான் ஆளை மாற்றிவிட்டார்கள். குற்றவாளி கட்டை அல்ல, சமப்பங்கீடு. கட்டையை வைத்துக்கொண்டே சுத்தமான காந்தாரத்தைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு ஹிலரோட்டில் 1001 சாட்சிகள் இருக்கின்றன. அசைவு வராது என்ற முதல் குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது. அதற்கு ஆர்கன் தரப்பில் பதில் கிடையாது, தேவையும் கிடையாது. நாதஸ்வரத்திடம் போய் நாலு சுரம் சேர்த்து ஊது என்று யாரும் கேட்பதில்லையே.

கோபனேகனிலிருந்து ஹிலரோட் புறநகர் ரயிலின் கடைசி நிலையம், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வியாழக்கிழமை பிற்பகல்களில் அரண்மனையின் ஆர்கன் கலைஞர் அரை மணி நேரம் வாசிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். போக முடியாதவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் பியானோ இருந்தால் அதன் மெனுவைத் துழாவுங்கள். பலவற்றில் சுருதிமுறையை மாற்றும் இடம் ஒன்று ஒளிந்திருக்கும், அதில் மீன்டோன் என்றும் ஒன்று இருக்கும். ஆர்கன் ஒலியை வைத்து, வெள்ளைக் கட்டையில் சட்ஜத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். பிறகு வழக்கமான முறைக்கு மாற்றி அதையே அழுத்துங்கள். பக்கத்தில் தம்பூரா ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. எது நம் காந்தாரம் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஆர்மோனியத்தைத் திட்டுங்கள்.